ஆறு நாளாய்ச் சாப்பிடாதவன்

மேசையில் மானிட்டருக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் சிபியூவைத் தரையில் இறக்கி, மணைப்பலகை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். வலப்பக்கம் ஒரு சொம்பு தண்ணீர். இடப்பக்கம், வாய் துடைத்துக்கொள்ளத் தோதாக நான்காக மடித்த ஒரு துண்டு.

பிரிசில்லா தோள்பையை இறக்காமலே நின்று பார்த்தாள். இந்தத் தொழிலுக்கு வந்த ஒன்பது வருடத்தில் அவள் எத்தனையோ விதமான கம்ப்யூட்டர்களைப் பார்த்திருக்கிறாள். குங்குமம் வைத்தது, எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டது, உள்ளே எலி குட்டி போட்டது. எதற்கும் யாரும் குடிக்கத் தண்ணீர் வைத்து அவள் பார்த்ததில்லை.

"உக்காரு கண்ணு. மழையில நனைஞ்சிட்டியா?" என்றாள் வசுமதி.

"இல்லம்மா, கோட்டு போட்டிருந்தேன். கம்ப்யூட்டரை மேல தூக்கி வெச்சிக்கலாமா? குனிஞ்சி வேலை செய்யக் கஷ்டம்."

"அது அங்கியே கெடக்கட்டும். பழகிப் போன எடம்."

வசுமதிக்கு அறுபது வயது இருக்கலாம். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அகலமான கைகள், வெந்நீரும் சாம்பலும் பட்டு உள்ளங்கை வெளுத்துப்போன கைகள். மாமல்லபுரம் சாலையில் பூஞ்சேரிக்கு முன்னால் உள்ளே பிரிகிற மண்பாதையில், சவுக்குத் தோப்பை ஒட்டின இந்தத் தனி வீட்டிலிருந்து ஆறு நாளாகக் கடைக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. செங்கல்பட்டில் பிரிசில்லாவும் அவள் கணவன் ஜான்சனும் நடத்துகிற சர்வீஸ் கடைக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னால் மாட்டேன் என்று விட்டாள். வீட்டை விட்டு வெளியே எடுக்க முடியாதாம். யாராவது வந்துதான் ஆகவேண்டுமாம். கடையை ஜான்சன் பார்த்துக்கொள்வான், வீடுகளுக்குப் போவது பிரிசில்லாவின் வேலை. பதினோரு வாரக் கர்ப்பம், ஸ்கூட்டரில் போகாதே என்று அவன் சொல்லத்தான் செய்தான். அந்த அம்மாவின் குரல் கேட்கச் சகிக்காமல் அவளே கிளம்பி வந்திருந்தாள்.

இப்போது ஏன் வந்தோம் என்று இருந்தது. அறையில் ஒரு வாடை. மழைக்காலத்துச் சுவர்களின் பூஞ்சை வாடை இருந்தது, சமையற்கட்டிலிருந்து வந்த புளி வாடை இருந்தது, அவற்றுக்கு அடியில், வெதுவெதுப்பாக, விட்டு விட்டு வருகிற இன்னொன்றும் இருந்தது. காலையில் எழுந்ததும் பல் விளக்காதவர் யாரோ முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டதைப்போல. இந்த நாட்களில் அவளுக்கு எல்லா வாடையும் நான்கு மடங்காகத்தான் தெரிந்தது. சோப்பு வாசனைக்கே குமட்டியது. அதனால் தன் மூக்கையே குற்றம் சொல்லிக்கொண்டு, துப்பட்டா முனையை மூக்கின் மேல் இழுத்து விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா ஆச்சி இதுக்கு?"

"ஆறு நாளா ஒண்ணும் உள்ள போவல. வாயே தொறக்கமாட்டேங்குது."

டிவிடி போடுகிற டிரைவைச் சொல்கிறாள் என்று பிரிசில்லா எடுத்துக்கொண்டாள். முதலில் பவர் பட்டனை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்து, மேல் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. கம்ப்யூட்டரை இயக்குகிற ஓ.எஸ். காணவில்லை என்கிற வரி. ஹார்டு டிஸ்க் கடகடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. தூக்கத்தில் பிள்ளைகள் பல்லைக் கடிக்கிற சத்தம்.

"ஓ.எஸ். போயிடுச்சிம்மா. புதுசா போட்டாத்தான் ஓடும். போட்டா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்."

வசுமதி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"அழிக்கக் கூடாது. அவன் உள்ள கீறான்."

"யாரும்மா?"

"எம் புள்ள. பார்த்திபன்."

பையனின் போட்டோக்கள் என்று பிரிசில்லாவுக்குப் புரிந்தது. இப்படி அவள் நிறைய பேரைப் பார்த்திருந்தாள். கல்யாண ஆல்பம், செத்துப்போன அப்பாவின் குரல், பாப்பா முதல் முதலாக நடந்த வீடியோ. எல்லாரும் இதே பிடிதான் பிடிப்பார்கள்.

"பயப்படாதீங்க. அவரு சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் முதல்ல தனியா எடுத்து வெச்சிட்டு அப்புறந்தான் அழிப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வசுமதி கையை விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நான் போயி கொழம்பு வெக்கறேன். சரியானதும் பசியில பறப்பான்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

பழைய போர்டு. பென்டிரைவிலிருந்து ஓ.எஸ். ஏற்ற விடவில்லை. டிவிடி மூலமாகத்தான் போட்டாக வேண்டும். டிரைவின் பட்டனை அழுத்தினாள். மோட்டார் முனகியது, டிவிடி வைக்கிற தட்டு வெளியே வரவில்லை. அப்போதுதான் பெட்டியின் முகப்பைக் கிட்டத்தில் பார்த்தாள். டிரைவின் வாயைச் சுற்றி மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கு. அதில் சிற்றெறும்புகள் ஒட்டிச் செத்திருந்தன. கீழ் விளிம்பில், காய்ந்துபோன பருக்கை ஒன்று.

பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, அவசரத்துக்குத் திறக்கிற ஊசித்துளையில் குத்தினாள். கம்பி உள்ளே போய் எதிலோ பட்டது. பிளாஸ்டிக்கின் கெட்டித்தனம் அதில் இல்லை. மெத்தென்று அமுங்கி, மெல்லப் பின்வாங்கி, பிறகு தட்டு தானாகவே வெளியே வந்தது. வந்த தட்டுக்கும் டிரைவின் மேல் விளிம்புக்கும் நடுவில் ஒரு நூல் நீண்டது. கண்ணாடி மாதிரி, நடுவில் சின்னக் குமிழியோடு. நீண்டு, தொய்ந்து, அறுந்து அவள் கட்டை விரலில் விழுந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கையை உதறினாள். துண்டில் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அந்தத் துண்டு எதற்காக அங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைவுக்கு வந்தது. எச்சில் மாதிரி என்று மனம் சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல், கிரீஸ், கிரீஸ் உருகியிருக்கிறது, கடலோர வீடு, ஈரம் வேறு, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பையிலிருந்து ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்துத் தட்டை மூன்று தடவை துடைத்தாள். பஞ்சு மூன்று தடவையும் பழுப்பாகத்தான் வந்தது.

உள்ளே சுத்தம் செய்யாமல் டிவிடியைப் போட முடியாது. பக்கத் தகட்டின் நான்கு ஸ்குரூவும் உப்புக் காற்றில் துருவேறி இருந்தன. ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தாள். தகட்டை இழுத்ததும் அந்த வாடை ஒரு மூச்சாக முகத்தில் அடித்தது.

போர்டில் வழக்கமான தூசி. விசிறியில் வழக்கமான தூசி. கீழே, பெட்டியின் அடித்தகட்டில், ஒரு குவியல்.

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். முருங்கைக்காய்ச் சக்கை. மென்று, சாறு உறிஞ்சி, நார் நாராகப் பிரிந்து சுருண்டுபோன சக்கை. கறிவேப்பிலை, நெத்திலி முள், காம்போடு துப்பிய மிளகாய், கரும்புச் சக்கை. கீழே இருந்தவை காய்ந்து கறுத்துப்போயிருந்தன. மேலே போகப் போக ஈரம். முட்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தன, நன்றாகச் சாப்பிடத் தெரிந்தவன் தட்டோரம் ஒதுக்குகிற மாதிரி, வரிசையாக, சுத்தமாக. ஒரு முருங்கைத் துண்டின் மேல் பற்கள் பதிந்திருந்தன. முன் பற்கள் நான்கு. அதில் ஒன்று சற்றுக் கோணல்.

அந்தம்மாதான் மென்று மென்று இதற்குள்ளே போட்டிருக்கிறாள். அப்படித்தான் இருக்க முடியும். பெற்ற பிள்ளை போன துக்கத்தில் மூளை பிசகி, காக்கைக்கு வைப்பதுபோலப் பெட்டிக்கு வைத்திருக்கிறாள். இதை நினைத்ததும் பரிதாபம் வரவேண்டியது. வரவில்லை. அடிவயிற்றிலிருந்து குமட்டல்தான் வந்தது. எழுந்து பின்கட்டுக்கு ஓடி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த கஞ்சியை முழுக்க வாந்தி எடுத்தாள்.

வசுமதி பின்னாலேயே வந்து முதுகைத் தடவினாள். அந்தக் கை முதுகில் படுவதைப் பிரிசில்லாவால் தாங்க முடியவில்லை. தள்ளிவிடவும் முடியவில்லை.

"வாயும் வயிறுமா கீறியா கண்ணு? சொல்லவே இல்லியே. எத்தினி மாசம்?"

"மூணு ஆவப்போது."

"பார்த்திபன் வயித்துல இருந்தப்ப எனுக்கும் இப்டித்தான். ஒண்ணும் தங்காது. பொறந்த அப்பறம் எல்லாத்துக்கும் சேத்து வெச்சித் தின்னான்." வசுமதி சிரித்தாள். "காலேஜ் முடிச்சி வந்து இந்தப் பொட்டி முன்னால உக்காந்தவன்தான். எழுந்து வரமாட்டான். கையி மவுச வுட்டு வராது. நான்தான் உருட்டி உருட்டி வாயில குடுப்பேன். இருபத்தேழு வயசு வரிக்கும். ஊர்க்காரங்கள்லாம் சிரிப்பாங்க. எனுக்கின்னா?"

"இப்ப அவரு..." பிரிசில்லா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "எங்கம்மா இருக்காரு?"

"சொன்னேனே. உள்ளதான் கீறான். ரெண்டு வருசமா வெளிய வரதில்ல."

குழம்பு தீய்கிறது என்று வசுமதி போய்விட்டாள். அறைக்குத் திரும்பும்போது பிரிசில்லாவின் பார்வை கதவோரம் போயிற்று. ஒரு ஜோடி ஆண் செருப்பு. குதிகால் பதிந்த குழிவில் தூசி மெத்தை கட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு சட்டை, காயப்போட்டவாக்கில் மடிப்பு வெளுத்து. சுவரில் மாலை போட்ட படம் எதுவும் இல்லை.

ஜான்சனுக்குப் போன் செய்தாள்.

"இன்னா பிரிசி, முடிஞ்சிதா?"

"எங்க முடியறது. உள்ள ஒரே சோறும் கொழம்புமா கீது. அந்தம்மா பெட்டிக்குச் சோறு வெச்சிகினு இருந்திருக்கு."

"அய்யே. அப்டியே மூடி வெச்சிட்டு வந்துடு."

"சத்தியம் பண்ணிட்டேன். பையன் போட்டோவ எடுத்துத் தரேன்னு. பாவம்."

"டிஸ்க் சத்தம் போடுதுன்னா எவ்ளோ வருதோ அவ்ளோதான். சட்டுனு எடுத்துட்டு ஃபார்மட் அடிச்சி ஓ.எஸ். போட்டுட்டுக் கெளம்பு. அஞ்சி மணிக்கு மேல திருக்கழுக்குன்றம் ரோட்ல தண்ணி நிக்கும். கைய நல்லா கழுவிக்கோ."

கையில் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, குவியலை மூன்று பிடியில் அள்ளிப் பையில் போட்டுக் கட்டினாள். மூன்றாவது பிடி சூடாக இருந்தது. அதை யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள் இதற்குள். பையைக் கொல்லையில் கொண்டுபோய் எறிந்தாள். டிரைவைக் கழற்றி, மேல் தகட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை. ஒரு கறை இல்லை. இரண்டு வருடச் சோறு இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். உட்புறம் முழுக்க நக்கித் துடைத்த தட்டு மாதிரி மினுமினுத்தது.

மறுபடி பொருத்தினாள். ஓ.எஸ். இல்லாமலே டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்க உதவும் டிவிடி ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் போட்டாள். தட்டு உள்ளே போயிற்று. வெளியே மழை வலுத்தது. மூன்றரை மணிக்கே அறை இருட்டிவிட, மானிட்டரின் வெளிச்சம்தான் சுவரில் ஆடியது.

டிஸ்க்கில் ஒரே ஒரு ஃபோல்டர். பார்த்திபன் என்று பெயர். போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாமே குரல் பதிவுகள், ஆயிரக்கணக்கில். தேதியைப் பார்த்தாள். தினமும் மூன்று. காலை எட்டே கால், மதியம் ஒன்றரை, இரவு எட்டரை. நாள் தவறாமல், வேளை தவறாமல், இரண்டு வருடம். கடைசிப் பதிவு ஆறு நாளைக்கு முன்னால், இரவு எட்டரை.

மேசை மேல் ஒரு ஹெட்போன் கிடந்தது. காதுப் பஞ்சு எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. அதைத் தொடாமல் தன் இயர்போனைச் சொருகி, நடுவில் ஏதோ ஒரு பதிவைத் தட்டினாள்.

முதலில் மூச்சு. மூக்கு அடைத்தவன் வாயால் விடுகிற மூச்சு. பிறகு மெல்லுகிற சத்தம். வாயை மூடாமல் மெல்லுகிற சத்தம். சோறும் எச்சிலும் கலந்து நாக்கில் புரண்டு, அண்ணத்தில் ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டுவது. காதுக்கு வெளியிலிருந்து கேட்பதாகத் தெரியவில்லை. காதுக்குள்ளேயே யாரோ வாயை வைத்துச் சாப்பிடுவதைப்போல இருந்தது. முழுங்கியது. நாக்கைச் சப்புக்கொட்டியது. பல்லிடுக்கில் மாட்டியதை உறிஞ்சியது. கடைசியில், வாய் நிறையச் சோற்றோடு, ஒரு ஆண் குரல்.

"போதும்மா."

இயர்போனைப் பிடுங்கினாள். காதுக்குள் ஈரமாக இருந்தது. விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தாள். வியர்வை. வியர்வைதான்.

இதை எடுத்துவைப்பதாகத்தான் சத்தியம் செய்திருந்தாள். பென்டிரைவில் ஏற்றினால் அது அவள் பையில் இருக்கும், அவள் வீட்டுக்கு வரும், கடைக் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் கிடக்கும். இந்த வாய், இந்த நாக்கு. ஒரு பென்டிரைவைத் தன் கையால் அந்தப் பெட்டியில் மறுபடி சொருகுவதைக் கற்பனை செய்தபோதே அவளுக்கு வாயில் புளித்தது. சமையற்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா."

"மகராசியா இரு," என்று பதில் வந்தது.

ஓ.எஸ். டிவிடியை மாற்றிப் போட்டாள். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் கொடுக்கவா என்று திரை கேட்டது. கொடுத்தாள்.

டிஸ்க்கின் கடகடப்பு சட்டென்று நின்றது. விசிறியும் நின்றதோ என்று தோன்றுகிற அளவுக்கு அமைதி. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம். விக்கல் மாதிரி. ஒன்று. இன்னொன்று. சொம்புத் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை ஓடியது. மூன்றாவது விக்கல் வரவில்லை. திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

பத்து சதவீதம். பிரிசில்லா சுவரோரம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். முப்பது. சமையற்கட்டில் மீன் பொரிகிற சத்தம், கரண்டி தட்டுகிற சத்தம். ஐம்பத்தைந்து. ஒரு விஷயம் அவளுக்கு உறைத்தது. வாடை போய்விட்டிருந்தது. அறையில் மழை வாசனை மட்டும்தான். இவ்வளவு நேரத்தில் முதல்முறையாக மூச்சை ஆழமாக இழுத்தாள். தொண்ணூறு. பெட்டி தானாக அணைந்து எழுந்தது. தட்டு வெளியே வந்து டிவிடியை நீட்டியது. துடைத்து வைத்ததுபோல உலர்ந்திருந்தது டிவிடி. பெயர் கேட்டது திரை. 'வீடு' என்று அடித்தாள். நீல நிறத்தில் புத்தம் புதிதாக ஒரு முகப்பு வந்தது, ஒன்றுமே இல்லாமல், கழுவி விட்ட முற்றம் மாதிரி.

பக்கத் தகட்டை மூடி, நான்கு ஸ்குரூவையும் இறுக்கி முறுக்கினாள். பையைக் கட்டினாள். மணி ஐந்தே கால்.

வசுமதி தட்டோடு வந்தாள். புதுப் புடவை மாற்றியிருந்தாள். தட்டில் ஆவி பறக்கச் சோறு, அதன் மேல் சிவக்கச் சிவக்க மீன் குழம்பு. பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையால் பிசைந்தாள். விரலிடுக்கில் குழம்பு பிதுங்கியது. முள் பார்த்து எடுத்தாள். எலுமிச்சை அளவு உருட்டினாள்.

"நான் கெளம்பறேம்மா."

"இரு கண்ணு. அவன் ஒரு வாய் வாங்கறதப் பாத்துட்டுப் போ. உன்னாலதான்."

இடது கை விரலால் டிரைவின் பட்டனை அழுத்தினாள். தட்டு வந்தது. உருண்டையை வைத்தாள். தட்டு உள்ளே போயிற்று. எலுமிச்சை அளவு உருண்டை, ஒரு விரல் மொத்தம் திறப்பு. இடிக்கவில்லை. சிந்தவில்லை.

பிரிசில்லா வாசற்படியில் நின்றுவிட்டாள்.

தட்டு வெளியே வந்தது. சுத்தமாக இருந்தது. ஈரமாக இருந்தது.

"பாத்தியா," என்றாள் வசுமதி. கண் கலங்கியிருந்தது. இன்னொரு உருண்டை. உள்ளே போயிற்று, வந்தது. மூன்றாவது. "மூணாவதுல போதும்னுடுவான் எப்பவும். இன்னிக்கிப் பசி. ஆறு நாளு." நாலாவது. ஐந்தாவது. பட்டனை அவள் தொடவே இல்லை. தட்டு தானாக வந்தது, போனது. அவள் உருட்டி முடிக்குமுன்னே வந்து நின்றது. வெறுமனே உள்ளே போய் வெறுமனே திரும்பி வந்தது. இன்னும் வேகமாக.

"இருடா. இன்னா அவசரம். இருடா கண்ணா."

அந்த வாடை திரும்பியிருந்தது. வேறு மாதிரி. பாலும் ரத்தமும் கலந்த மாதிரி, பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒன்றின் வாய் மாதிரி.

"பார்த்தி. நான்டா. அம்மாடா." வசுமதி பெட்டியைத் தடவினாள். தடவிய கை தயங்கியது. மெல்லத் திரும்பி வாசற்படியைப் பார்த்தாள். "எடுத்து வெச்சேன்னு சொன்னியே கண்ணு?"

பிரிசில்லா ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"இவனுக்கு என்னைத் தெரியலியே."

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. மானிட்டர் அணைந்தது. விசிறி ஓய்ந்தது. ஓட்டின் மேல் மழை. அப்பாடா என்று இருந்தது பிரிசில்லாவுக்கு. கரண்ட் இல்லை. இனி ஒன்றும் இல்லை. முடிந்தது.

இருட்டில், தட்டு வெளியே வருகிற சத்தம் கேட்டது.

உள்ளே போகிற சத்தம்.

வசுமதி "ஸ்..." என்றாள். சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி. அவ்வளவுதான். கத்தவில்லை.

"அம்மா?"

சோற்றுத் தட்டு தரையில் கவிழ்கிற ஓசை. சோறு சிதறுகிற ஓசை. பிரிசில்லா போனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை டார்ச் எரிந்தது.

வசுமதியின் வலது கை டிரைவுக்குள் இருந்தது. விரல் அல்ல. மணிக்கட்டு வரை. ஒரு விரல் மொத்தத் திறப்பு, அந்த அகலமான கை. நசுங்கவில்லை. பிதுங்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். பாறையை இழுப்பதுபோல இருந்தது. உள்ளிருந்து ஒரு இழுப்பு. முழங்கைக்குக் கீழே பாதிக் கை உள்ளே போயிற்று.

"வுடு," என்றாள் வசுமதி. "தள்ளி நில்லு."

"அம்மா, கைய எடுங்க. அம்மா."

"பச்சப் புள்ள. ஒண்ணும் தெரியல அதுக்கு. நாந்தான் பழக்கணும்."

பிரிசில்லா பின்னால் சரிந்து உட்கார்ந்தாள். சிதறிய சோறு உள்ளங்கையில் மசிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. வெளிச்சத்தை நகர்த்தவும் முடியவில்லை.

கண்ணாடி வளையல்கள் திறப்பின் விளிம்பில் தடைபட்டு நின்றன. கை உள்ளே போகப் போக அவை ஒன்றின் மேல் ஒன்றாக மேலே ஏறின. முழங்கைக்கு ஏறின. முழங்கையும் போயிற்று. ஒவ்வொன்றாகச் சிலுங் சிலுங்கென்று உடைந்து மணைப்பலகை மேல் விழுந்தன. பெட்டி ஒரு முழம்கூட அகலம் இல்லை. பக்கத் தகடு தட்டையாக, அவள் முறுக்கின ஸ்குரூக்களோடு, அசையாமல் நின்றது. வசுமதி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். வலது தோள் முகப்பில் முட்டியது. கன்னத்தைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, மார்பில் பிள்ளையைப் போட்டுக்கொண்டவள் கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி மூடிக்கொண்டாள். இடது கை தரையில் துழாவியது. சிதறிக்கிடந்த பருக்கைகளை ஒன்றாகக் கூட்டி, நிதானமாக, அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.